குதிரையில் விழுந்த விரிசல்

வீணையில் தந்திகள் ஏறி நிற்கும் சிறு கட்டைக்கு நம் ஊரில் குதிரை என்று பெயர். தம்புராவிலும் அதே பெயர்தான். பியானோவுக்குள்ளும் அப்படி ஒரு கட்டை உண்டு. ஆங்கிலத்தில் அதைப் பாலம் என்கிறார்கள். எனக்கென்னவோ குதிரைதான் பொருத்தமாகப் படுகிறது. பாலத்தில் ஆட்கள் வந்து போவார்கள். இந்தக் கட்டையின் மேல் ஏறிய தந்தியோ நூறு வருஷம் ஆனாலும் இறங்குவதில்லை.

ஒரு பெரிய கச்சேரிப் பியானோவில் ஏறத்தாழ 230 தந்திகள் இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 80 கிலோ இழுவையில் முறுக்கேறி நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 18 முதல் 20 டன். இந்த இழுவையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். அது எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறந்தால் பொன்வண்ணம் பூசிக்கொண்டு கம்பீரமாகத் தெரிவதும் அதுதான். ஆனால் இரும்பு பாடாது. தந்தியின் அதிர்வு காற்றுக்கு வர வேண்டுமென்றால் அது மரத்தின் வழியாகத்தான் வர வேண்டும். தந்திக்கும் கீழே இருக்கிற மெல்லிய ஒலிப்பலகைக்கும் நடுவில், சுமார் மூன்று விரல் அகலத்தில், வளைந்து ஓடும் ஒரு மரக்கட்டை. அதுதான் குதிரை.

அதன் முதுகில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு இரும்பு முளைகள் அடித்திருப்பார்கள். நேராக அல்ல, எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து. தந்தி முதல் முளையை ஒரு பக்கமும் இரண்டாவது முளையை மறுபக்கமும் உரசிக்கொண்டு லேசாக வளைந்து நெளிந்து போகும். அப்படி நெளிந்தால்தான் தந்தி கட்டையோடு ஒட்டி நிற்கும். அதிர்வும் சிதறாமல் கீழே இறங்கும். அதற்கு விலை இருக்கிறது. ஒவ்வொரு முளையையும் தந்தி பக்கவாட்டில் பத்துக் கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி, பகல், யாரும் வாசிக்காத மாதங்கள், எப்போதும். போதாததற்கு மேலிருந்து கீழே அமுக்கும் சுமை வேறு. மொத்தக் குதிரையின் மேல் அது சில நூறு கிலோ வரும். முளைகள் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்பதால், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மரத்தின் நார் போகிற திசையிலேயே விரிசல் ஓடிவிடும். தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.

விரிசல் விழுந்த குதிரையின் சத்தம் விசித்திரமானது. ஒற்றைத் தந்தியைத் தட்டினாலே இரண்டு தந்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அலைவது போலக் கேட்கும். கீழ்ஸ்தாயியில் என்றால் டின்னுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஓர் இரைச்சல். எவ்வளவு கெட்டிக்காரர் வந்து சுருதி கூட்டினாலும் சேராது. முளை ஆடுகிறதால் தந்திக்கு எங்கே முடிவது என்றே தெரியாமல் போகிறது.

இதை ஒட்ட முடியுமா, எதை வைத்து ஒட்டுவது? கேட்க அற்பமான கேள்விதான். ஆனால் அதன் பின்னால் போனால் முந்நூறு வருஷக் கதை வருகிறது.

பியானோவைச் செய்தவர் பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. படுவாவில் பிறந்தவர். ஃபெர்டினாண்டோ தெ மெடிச்சி என்கிற இளவரசரின் வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ள ஃபிளாரன்சுக்கு வந்தவர். மெல்லவும் உரக்கவும் வாசிக்கக்கூடிய புதுக் கருவி ஒன்று 1700ஆம் ஆண்டின் மெடிச்சிக் குடும்பச் சொத்துப் பட்டியலிலேயே பதிவாகியிருக்கிறது. சுத்தி மேலெழும்பித் தந்தியை அடித்து உடனே விலகுகிற அந்த நுட்பத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். என்னை அதிகம் ஈர்ப்பது அவர் செய்த இன்னொரு காரியம். தந்தியின் இழுவையைத் தாங்க வெளிச்சுவர் ஒன்று, ஒலிப்பலகையைத் தாங்க உள்ளே தனியாக ஒரு வளைந்த சட்டம் ஒன்று எனப் பிரித்துவிட்டார். சுமக்கிறவனும் பாடுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் பாட்டு கெடும் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. இரும்பு வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே!

அவருடைய சுத்தித் தலைகளும் ஒருவகையில் பசைக் கைவேலைதான். காகிதப் பட்டையை வளையமாகச் சுருட்டி, பசையால் ஒட்டி, மேலே தோல் வைத்தார். அவர் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியவை மூன்று. 1722இல் செய்தது ரோமில் இருக்கிறது, புழு அரித்து வாசிக்க முடியாத நிலையில். 1726இல் செய்தது லைப்சிக்கில். மூன்றில் மூத்தது, 1720இல் செய்தது, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வாசிக்கலாம், கேட்கலாம். ஆனால் 1938இல் அதன் ஒலிப்பலகையை எடுத்துவிட்டுப் புதிது வைத்துவிட்டார்கள். ஆக, உலகின் மிகப் பழைய பியானோ இன்று பாடுவது இருபதாம் நூற்றாண்டுத் தொண்டையால். பழைய பலகை போனதோடு அது எப்படி ஒலித்தது என்பதும் போய்விட்டது. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு வந்தது கோபம். இப்போது வெறும் கோபம் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குதிரை முதலில் ஒரே நீளக் கட்டையாகத்தான் இருந்தது. 1788இல் லண்டனில் ஜான் பிராட்வுட் அதை இரண்டாக வெட்டினார். கீழ்ஸ்தாயித் தந்திகளுக்குச் சரியான இழுவையும் நீளமும் அமையவில்லை என்று அவருக்கு நெடுநாள் குறை. மின்சாரத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த திபேரியோ கவாலோ என்ற இத்தாலியரிடமும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் கிரே என்பவரிடமும் போய் ஆலோசனை கேட்டார். தச்சுப்பட்டறைக்காரர் ஒருவர் இயற்பியல்காரரிடம் கணக்குப் போட்டு வாங்கிவந்து வாத்தியம் செய்த ஆரம்பகாலச் சம்பவங்களில் இது ஒன்று. பலன், கீழ்ஸ்தாயிக்குத் தனிக் குதிரை. இன்றுவரை எல்லாப் பியானோக்களிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. பழைய பியானோக்களில் அதிகம் வெடிப்பதும் இந்தக் கீழ்ஸ்தாயிக் குதிரைதான். கனத்த செம்புக்கம்பி சுற்றிய தந்திகள், கட்டையோ குட்டை.

அடுத்து வந்த எழுபது வருஷமும் இழுவையின் வரலாறுதான். வாசிப்பவர்கள் இன்னும் உரக்கக் கேட்டார்கள். அரங்குகள் பெரிதாயின. உரக்க வேண்டுமானால் கனத்த தந்தி வேண்டும், கனத்த தந்திக்கு அதிக இழுவை வேண்டும். 1817இல் பிராட்வுட் நிறுவனம் பீத்தோவனுக்கு ஒரு பியானோவைப் பரிசாக அனுப்பியது. கப்பலில் த்ரியெஸ்தே துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து தரைவழியாக வியன்னா போய்ச் சேர்ந்தது. மரச் சட்டம்தான் அதற்கு. காது கேளாத மனிதர், கேட்க வேண்டுமே என்று ஓங்கி ஓங்கி அடித்ததில் தந்திகள் அறுந்து சிக்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1825இல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பேப்காக் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்யக் காப்புரிமை வாங்கினார். 1843இல் ஜோனஸ் சிக்கரிங் அதைப் பெரிய பியானோவுக்குக் கொண்டுவந்தார். 1859இல் ஸ்டைன்வே, கீழ்ஸ்தாயித் தந்திகளை மற்றத் தந்திகளின் மேல் குறுக்காக ஓடவிட்டது. சட்டம் இரும்பாயிற்று, தந்தி உயர்தர எஃகாயிற்று. குதிரை மட்டும் மரமாகவே நின்றுவிட்டது. ஐரோப்பாவில் பெரும்பாலும் பீச் மரம், அமெரிக்காவில் மேப்பிள். அடுக்கடுக்காக ஒட்டிப் பார்த்தார்கள், மேலே தனியாக ஒரு மூடி வைத்துப் பார்த்தார்கள், ஆனாலும் மரம்தான். ரொம்பக் கனமான பொருளை வைத்தால் அதிர்வு கீழே இறங்காது. ரொம்ப லேசானதை வைத்தால் ஒலி படாரென்று வந்து உடனே செத்துவிடும். நடுவில் நிற்க மரத்துக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் அண்ட் சன்ஸ் போன்ற சிலர் முளைக்குப் பதில் உலோகப் பிடிகளைக் குதிரை மேல் பொருத்துகிறார்கள். அதிலும் கட்டை கட்டைதான்.

இனிப் பசை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பியானோ முழுவதும், குதிரையும் ஒலிப்பலகையும் கட்டைகளும் சுத்தியும், ஒரே பசையால் ஒட்டப்பட்டவை. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் இதை வச்சிரம் என்பார்கள். (வஞ்சிர மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வைரத்துக்கும் இந்திரன் ஆயுதத்துக்கும் உள்ள அதே பெயர். பெயருக்குத் தகுந்த பிடிப்பும் உண்டு. நன்றாக ஒட்டிய இணைப்பை உடைத்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிய்ந்து வரும். ஊறவைத்து, சுமார் 60 டிகிரிச் சூட்டில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூசி அழுத்தியாக வேண்டும். சோம்பேறிகளுக்கு ஒத்துவராத பசை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். அம்பது வருஷம் கழித்து வேறொரு கைகாரர் வந்து, நீராவி பிடித்து, கத்தியை நுழைத்து, மரத்துக்குக் காயம் இல்லாமல் பிரிக்கலாம். பழைய மிச்சத்தின் மேலேயே புதுப் பசை பிடிக்கும்.

நம் வீணையும் இதே நியாயத்தில்தான் நிற்கிறது. தஞ்சாவூர் வீணையின் 24 பித்தளை மெட்டுகளும் ஆணியில் நிற்பவை அல்ல. தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்பு மெழுகில் உட்கார்ந்திருப்பவை. வருஷங்கள் போனால் மெழுகு இளகும், மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். அப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்டுவார்கள். பழுதாகும் என்று தெரிந்தே, பழுது பார்ப்பதற்கான வழியையும் உள்ளே வைத்துச் செய்த கருவி.

வச்சிரத்தின் அந்தக் குணமே வெப்ப நாடுகளில் வினையாகவும் ஆனது. கும்பினிக்காரர்கள் பின்னாலேயே பியானோவும் இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் 1842லேயே மிஸ்கித் அண்ட் கோ என்ற இசைக்கருவிக் கடை இருந்தது. இன்றைக்கு அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிகலின் மூதாதை அது. லண்டன் குளிருக்கு ஒட்டிய இணைப்புகள் இங்குள்ள புழுக்கத்தில் வாயைப் பிளந்தன. அதனால் காலனிகளுக்கென்றே தனியாகப் பியானோ செய்தார்கள். பசையை நம்பாமல் இணைப்புகளில் பித்தளைத் திருகாணி முடுக்கியவை. பழைய சர்ச்சுகளில், கிளப்புகளில் இன்னும் சில கிடக்கின்றன. முகத்தில் திருகாணித் தலைகள் வரிசையாக மின்னும். ஆனால் குதிரையில் போய்த் திருகாணி முடுக்குவது சுலபமில்லை. இருக்கிற துளைகளால்தானே அது வெடிக்கிறது?

வச்சிரத்தின் ஆட்சியை முடித்தவை ஆய்வுக்கூடத்துப் பசைகள். ஸ்விட்சர்லாந்தில் பியெர் காஸ்தான் என்ற வேதியியலாளர் பொய்ப்பல் செய்ய ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்தது எபாக்சி. சீபா நிறுவனம் அதை வாங்கி 1946இல் அரால்டைட் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு டியூப், இரண்டையும் கலக்க வேண்டும், நம் வீட்டு மேஜை இழுப்பறையில் காய்ந்துபோய்க் கிடக்குமே, அதேதான். இன்னொன்று 1942இல், போர்க்காலத்தில். கோடக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவுக்குத் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிற சனியன் ஒன்று கிடைத்தது. தொல்லை என்று தூக்கிப் போட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்துத்தான் அது தொல்லை இல்லை, பசை என்று புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் ஃபெவிக்விக் என்று வாங்குவது அந்த வம்சம்தான். பல்லுக்காகத் தேடியதும் துப்பாக்கிக்காகத் தேடியதும் கடைசியில் பியானோக் குதிரையின் விரிசலுக்குள் போய்ச் சேர்ந்தன.

எப்படிச் சேர்ந்தன என்பதைச் சென்னையில் ஒரு தேவாலயக் கூடத்தில் நான் நேரில் பார்த்தேன். சுவரோடு நிற்கும் பழைய நெட்டைப் பியானோ. கீழ்ஸ்தாயிக் குதிரையில் ஏழு முளைகள் வழியாக ஒரு விரிசல். கூடத்துக்கு ஏசி போட்ட பிறகு வந்தது என்றார்கள். நம்பக்கூடியதுதான். மரம் நாருக்குக் குறுக்கேதான் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் அனேகமாக அசையாது. ஞாயிறு காலை மூன்று மணிநேரம் குளிர்ந்த காய்ந்த காற்று, மற்ற நாளெல்லாம் கடல்காற்று என்றால் எந்தக் கட்டை தாங்கும்?

பழுது பார்க்க வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். முதலில் தந்திகளை ஒரேயடியாகத் தளர்த்தவில்லை. அங்கொன்று இங்கொன்றாக, பல சுற்றுகளில் இறக்கினார். கழற்றியதை வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து மாட்டினார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டுப் பியானோவை மல்லாக்கப் படுக்க வைத்தார்.

“ஏன் அங்கிள் படுக்க வைக்கிறீங்க?”

“நிக்க வெச்சு ஊத்தினா பசை உள்ள போவுமா தம்பி, தரைக்கில்ல போவும்?”

முளைகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மெல்லிய பிளேடால் விரிசலுக்குள் இருந்த நூற்றாண்டு அழுக்கைச் சுரண்டி உறிஞ்சி எடுத்தார். அதற்கே அரை நாள். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்குமாம், மரத்தைப் பிடிக்காதாம். பசை வழியாமல் கட்டையின் பக்கவாட்டில் டேப் ஒட்டினார். சட்டைப்பையில் சின்னக் குப்பி ஒன்று வைத்திருந்தார், அந்தக் கோடக் வம்சத்துப் பசை. அது மயிரிழைக் கீறலுக்கு மட்டும் என்றார். லேசாக ஆடும் முளையின் அடியில் ஒரு சொட்டு விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இடைவெளியை நிரப்பாது. இங்கே விரிசலில் நகம் நுழைந்தது. அதனால் எபாக்சி. அதிலும் ஐந்து நிமிஷத்தில் இறுகுவது வேண்டாம், மெதுவாக இறுகுவதுதான் வேண்டும். மரத்துக்குள் ஊற அதற்கு நேரம் கொடுக்க வேண்டுமே. கலவையை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினார். தேன் எண்ணெயானது. சிரிஞ்சில் எடுத்துத் துளைகளுக்குள்ளும் விரிசலுக்குள்ளும் விட்டார். உள்ளே இறங்க இறங்க மறுபடி விட்டார். ஈரம் இருக்கும்போதே முளைகளை அதே சாய்வில் அடித்து இறக்கினார். கடைசியாகக் கிளாம்பு. நான் இறுக்கிப் பிடிப்பார் என்று நினைத்தேன். சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் அளவுதான் முடுக்கினார். ரொம்ப நெருக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

ஒரு நாள் முழுக்க யாரும் தொடவில்லை. மறுநாள் மாலை, வழிந்து இறுகியதைச் சீவி, தந்தி முளையை விட்டுக் கிளம்பும் விளிம்பை உளியால் கூர்மையாக்கி, மேலே பென்சில் கரி தேய்த்தார். தந்தி சிக்காமல் வழுக்கிப் போக.

வச்சிரம் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒட்டுகிற இரண்டு பக்கமும் நெருங்கிப் பொருந்தினால்தான் வச்சிரம் வேலை செய்யும்; பிளந்த இடத்தில் நிரப்பாது. முறையான வழி என்றால் பழைய மூடியைச் சீவி எடுத்துவிட்டு, புது மேப்பிள் மூடி ஒட்டி, எல்லா முளைகளுக்கும் புதிதாகத் துளை போடுவது. வாரக்கணக்கில் வேலை. “அதுக்கு ஆவுற காசுக்கு இவங்க கீபோர்டு வாங்கிடுவாங்க தம்பி. இத எடைக்குப் போட்ருவாங்க.”

இங்கேதான் அருங்காட்சியகக்காரர்கள் குறுக்கே வருவார்கள். அவர்களுடைய அடிப்படை விதி, இன்று செய்வதை நாளை ஒருவரால் பிரிக்க முடிய வேண்டும் என்பது. எபாக்சியை வெந்நீரால் பிரிக்க முடியாது. மரத்தின் நாருக்குள் போய் இறுகியபின் அது மரமும் இல்லை, பசையும் இல்லை. அடுத்து அதே இடத்தில் வெடித்தால் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். கிறிஸ்டோஃபோரியின் குதிரையில் யாராவது எபாக்சியோடு நெருங்கினால் கையைத் தட்டிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த விதியை இந்தக் கூடத்துக்கும் அப்படியே கொண்டுவருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பீத்தோவனின் பிராட்வுட் பின்னால் லிஸ்ட் கைக்குப் போய், இப்போது புடாபெஸ்ட்டில் ஹங்கேரியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையே 1990களின் தொடக்கத்தில் டேவிட் வின்ஸ்டன் என்பவர் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். தொடவே கூடாது என்று சொன்னவர்களுக்கும் வாத்தியம் பாட வேண்டாமா என்று கேட்டவர்களுக்கும் இந்த மாதிரி விஷயங்களில் தீராத வழக்கு. 1938இல் நியூயார்க்கில் பலகையை மாற்றியவர்களும் ஒருவகையில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். என் கோபம் பாதியாகக் குறைந்தது அதனால்தான். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. உலகத்தில் மூன்றே மூன்று இருக்கிற பொருளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தெருவுக்குத் தெரு ஒன்று எடைக்குப் போகிற பொருளுக்கு அதைக் கேட்காமலும் இருக்கக் கூடாது.

தந்திகளை மறுபடி மாட்டி, அன்றைக்கே முழு சுருதிக்கு ஏற்றவில்லை. இரண்டு வாரத்தில் மூன்று தடவை வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மூன்றாவது தடவை நானும் போயிருந்தேன். கீழ்ஸ்தாயியில் அந்த வண்டு இல்லை. ஏழு முளைகளில் ஒன்றில் மட்டும் மெல்லிய ஓர் அலைவு மிச்சமிருந்தது. காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இது இப்படியே இருக்கட்டும், கோயர் பாடறப்போ யாருக்குக் கேக்கப் போவுது” என்றார்.

கிளம்புவதற்கு முன் முன்பலகையைத் திறந்து, இடது ஓரத்தில் இருந்த முதல் கட்டையை வெளியே உருவினார். அதன் மரப் பக்கவாட்டில் ஏற்கெனவே மூன்று பென்சில் கையெழுத்துகள். அவருக்கு முன்னால் இந்தப் பியானோவைத் திறந்தவர்கள். ஒன்று மங்கிப் படிக்க முடியவில்லை. நாலாவதாக அவர் ஆங்கிலத்தில், நடுங்கும் கையால், கீழ்ஸ்தாயிக் குதிரை, எபாக்சி, ஏழு முளை என்று எழுதித் தேதி போட்டார். மேலிருந்து எண்ணினால் எத்தனையாவது முளையில் தொடங்குகிறது என்பதையும் எழுதினார். பிறகு கட்டையை உள்ளே தள்ளிவிட்டு முன்பலகையை மூடினார்.